புழுவுக்கு உப்பு

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எட்டாம் வகுப்போடு படகில் ஏறிவிட்டேன். ஆனால் இந்தக் கதை மற்றவர்கள் சொல்லச் சொல்ல வளர்ந்துகொண்டே போகிறது. போன கிறிஸ்மஸுக்கு நான் மிளகாய்த்தூளும் போட்டதாகச் சொன்னார்கள். அதனால் நானே எழுதுகிறேன். உப்பு மட்டும்தான் போட்டேன்.

நான் தலைமன்னார்க்காரன். எனக்குப் பெண் பேசியது முருங்கன் பக்கம், கட்டுக்கரைக்குளத்தை அண்டிய ஊரில். எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரர்தான். ஆனால் வயல் செய்கிறவர்கள். பேசிவிட்டவர் என் அக்காவின் புருசன், யோசேப்பு அத்தான். அவருடைய வீடு பெண் வீட்டுக்கு அடுத்த வளவு.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அத்தானோடு பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் தகப்பன் கதிரையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, எங்களுக்கு ஒரே ஒரு பிள்ளை. கலியாணம் முடிச்சா இஞ்சதான் இருக்கவேணும். கடலை விட்டிட்டு இருப்பீரோ?"

"ஓம்."

"இருந்து என்ன செய்வீர்?"

அதை நான் யோசிக்கவில்லை. (பெண்ணை மட்டும்தான் யோசித்திருந்தேன். பெயர் றோசலின். தேத்தண்ணித் தட்டோடு வந்தபோது ஒருதரம் பார்த்தேன். போதும்.) வாய் தானாகச் சொன்னது.

"குளத்திலயும் மீன் இருக்குத்தானே."

அத்தான் என் காலை மிதித்தார். பிந்திவிட்டது.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் தகப்பன். "நாளைக்குத் தவக்கால வெள்ளி. இறைச்சி இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நீரே மீன் பிடிச்சுத் தாரும். சாப்பிட்டிட்டு முடிவு சொல்லுறன்."

குளத்து மீனுக்கு மண்புழுதான் இரை என்று அத்தான் சொன்னார். நான் அதுவரை மண்புழுவைத் தொட்டதில்லை. எங்கள் மணலில் அதைக் கண்டதும் இல்லை. பெண் வீட்டுக் கிணற்றடியில் வாழைக்கு ஓடும் தண்ணீரில் மண் நல்ல ஈரம். மண்வெட்டியால் கொத்தினேன். நெளிந்துகொண்டு வந்தது. தடித்ததாகப் பார்த்துப் பொறுக்கினேன். பாரைக்கும் சுறாவுக்கும் இரை போட்ட கை. சின்னதைக் கணக்கில் எடுக்குமா? சுட்டுவிரல் தடிப்பில் இருந்தவற்றையெல்லாம் ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டேன். மெல்லிய சிவப்புப் புழுக்களைத் திரும்ப மண்ணில் எறிந்தேன்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. விடிவதற்குள் இது கெட்டுப்போகுமே?

எங்கள் பக்கம் இரைமீனை வெட்டினால் உப்புப் போட்டு வைப்போம். நைந்துபோகாது. தூண்டிலில் இறுகி நிற்கும். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார். நான் குசினி வாசலுக்குப் போனேன்.

"மாமி, ஒரு பிடி உப்புத் தாறியளோ?"

பெண்ணின் தாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். கல்லுப்பை அள்ளித் தந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு மாங்காயையும் வெட்டிக் கையில் வைத்தார்.

மாங்காயைத் தின்றேன். உப்பைப் புழுவுக்குப் போட்டேன். மூடியை இறுக்கிப் பேணியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு அத்தான் வீட்டில் போய் நிம்மதியாகப் படுத்தேன்.

விடியக் குளக்கட்டுக்குப் போனோம். நான், அத்தான், பெண்ணின் தகப்பன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. நாரைகள் நின்றன. இன்றைக்கும் அந்தக் காலை கண்ணுக்குள் நிற்கிறது. மூடியைத் திறக்கும் வரைக்கும் நல்ல காலை.

பேணிக்குள் புழு இல்லை. மண்ணிறத்தில் ஒரு களி. மேலே நுரை. நடுவில் சுருங்கிய நூல்போல இரண்டு மூன்று. மணத்தைப் பற்றி எழுதவில்லை.

தகப்பன் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, கருவாடு போட்டனீரோ?"

"ஓம். உப்புப் போட்டனான்."

அத்தான் குளத்தின் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் போய்விட்டது என்று தெரிந்தது. பேணியை மூடினேன்.

அப்போது குளக்கட்டில் றோசலின் வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் சொப்பிங் பை கட்டியிருந்தாள். ஒரு சிரட்டையைத் தூரப்பிடித்தபடி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள். சிரட்டைக்குள் மாட்டெருக் குவியலில் கிண்டிய மெல்லிய சிவப்புப் புழு. எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன.

"நேற்று உப்புப் போடேக்கையே கண்டனான்" என்றாள்.

"அப்ப ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்றார் தகப்பன்.

"அவர் என்னைக் கேட்டவரே?"

சிரட்டையை என் காலடியில் வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

அந்தப் புழுவைக் குத்திப் போட்டேன். மிதவை உடனே அமிழ்ந்தது. வெயில் ஏறுமுன் நாலு யப்பான் மீனும் (திலாப்பியாவைத்தான் சொல்கிறேன்) ஒரு விராலும் கிடைத்தன. நான் மீனைத் தூக்கிக் காட்டினேன். தகப்பன் மீனைப் பார்க்கவே இல்லை. சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவள் புழுவைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டுறவள்" என்றார். பிறகு அத்தானிடம் சொன்னார். "யோசேப்பு, சாப்பிடும் வரைக்கும் பார்க்கத் தேவையில்லை. சுவாமியாரிட்டக் கேட்டு, பாஸ்குத் திருநாள் முடியக் கலியாணத்துக்கு நாள் வைப்பம்."

வைத்தார்கள். இங்கேயே இருக்கிறேன். குளத்தில் இப்போதும் மீன் பிடிக்கிறேன். புழுக் கிண்டுவது நான். றோசலின் கிட்டவும் வருவதில்லை. அந்த ஒருநாள்தான். மாமா காலமாகிவிட்டார். குளக்கட்டில் தனியே இருக்கும்போது பக்கத்தில் அவர் இருமுவது போல இருக்கும்.

மாமி இருக்கிறார். சாப்பாட்டில் உப்புக் குறைந்து நான் கேட்டால், போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"தம்பி, மாங்காய்க்கோ, புழுவுக்கோ?"

இப்போது என் இரண்டு மகள்மாரும் கேட்கிறார்கள். மாங்காய்க்கு என்று சொல்லுவேன். சொன்னால்தான் தருவார்கள்.