கொலைகாரருக்கு வியாழக்கிழமை ஆபரேஷன்

எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேரைக் கொன்று தீர்த்தவர் ஒரே ஆள்தான். செத்தவர்கள் எல்லாரும் மறுநாள் காலையில் அவரோடு சேர்ந்து டீ குடிப்பார்கள்.

ராஜபாளையத்தில் அவரைக் கொலைகாரர் என்றால்தான் தெரியும். தபால்காரர்கூட, "கொலைகாரர் வீட்ல ஆள் இருக்கா?" என்றுதான் கேட்பார். பகலில் நூல் மில்லில் சூப்பர்வைசர், மாலையில் மாத நாவல் எழுத்தாளர். சிவகாசியில் அச்சாகி பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கும் துப்பறியும் கதைகள். மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு கொலை தவறுவதில்லை. வியாழக்கிழமை மதுரையில் அவருக்கு இதய ஆபரேஷன். நீங்கள் இதைப் படிக்கும் இந்த இதழ் கடைக்கு வரும் நேரம் அவர் தியேட்டருக்குள் இருப்பார். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமாவுக்கு (நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) கற்பனைப் பெயர் வைக்கவே வராது. "பொய்ப் பேரு வச்சா ரத்தம் வராது தாயி" என்பார். ஆகவே சாகிறவர்களுக்கெல்லாம் தெருக்காரர்களின் பெயர், தொழில், வழுக்கை, மூக்குக்கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர், கதையில் தன் கடைப் பால்கோவாவையே தின்று நுரை தள்ளிச் செத்தார். மறுநாளே சண்டைக்கு வந்துவிட்டார். "விஷம் வச்சதா எழுதும், வேண்டாங்கல. கோவால மைதா கலந்திருந்துச்சுன்னு ஏன்யா எழுதுனீரு?"

பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியனுக்கு வேறு விதமான வருத்தம். "எத்தனை வருசமா அவிய வீட்டு ஃபேனை மாட்டிக் குடுக்கேன். ஒரு தடவையாச்சும் என்னையக் கொன்னாகளா?"

எனக்கு வாசிப்பு வந்தது பயத்தில்தான். அப்பாவும் மாமாவும் இணைபிரியாத சிநேகிதர்கள். அப்பாவை மட்டும் அவர் இன்னும் கொன்றிருக்கவில்லை. இந்த மாதம் அப்பா முறையோ என்று நடுங்கிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகத்தோடு உட்காருவேன். பிணம் முதல் பக்கத்திலும் விழும், கடைசிப் பக்கத்திலும் விழும் என்பதால் ஒரு வரியைக்கூடத் தாண்ட முடியாது. வரி விடாமல் படிக்கிற பழக்கம் அப்படி ஒட்டிக்கொண்டது. பிற்பாடு பெரிய பெரிய எழுத்தாளர்களையெல்லாம் படித்துவிட்டேன். இன்றைக்கும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், நமக்கு வேண்டியவர் யாராவது இதில் சாகப்போகிறாரோ என்ற பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயம் இல்லாத புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்.

சில வருடங்களுக்கு முன் அப்பாவுக்கும் இதே ஆபரேஷன் முடிவானது. அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருந்தார். "ஊருக்கெல்லாம் கட்டுத்துணி குடுத்தேன், இப்ப எனக்கே வேணுமாம்" என்று சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தைரியம் கேட்க மாமா வீட்டுக்குப் போனேன். மாமா இல்லை. மேஜையில் புதுக் கதையின் புரூஃப் கிடந்தது. முதல் பாராவிலேயே, தறிக்கூடத்தில், அப்பா பிணமாகக் கிடந்தார்.

அச்சகத்தில் மெஷின் சத்தத்தில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே சிவகாசிக்குப் போய், அப்பா பெயரை எடுத்துவிட்டு வாயில் வந்த ஒரு பெயரைப் போடச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். மாமா வாசலில் நின்றார்.

"அப்பா பேரை எடுத்தாச்சு மாமா. இப்பதான் நிம்மதி."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏட்டி, பொழைக்க வச்சுட்டியா?"

"என்ன மாமா சொல்றீங்க?"

"கனவுல செத்தா ஆயுசு கெட்டிங்காக. செத்துட்டான்னு புரளி கெளம்புனா நூறு வயசுங்காக. என் கதையும் புரளிதானட்டி? நான் கொன்னதுல ஒருத்தனாவது செத்திருக்கானா? உங்கப்பனைக் கொல்லத்தான் எனக்குக் கை வரவே இல்ல. அழுதுக்கிட்டே எழுதுனேன். அதைப் போயி..."

யோசித்துப் பார்த்தேன். ஒருவர்கூடச் சாகவில்லை. பால்கோவாக்காரருக்குச் சர்க்கரைகூட இறங்கியிருந்தது. எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கையே கிடையாது. ஆனால் ஆபரேஷன் அடுத்த வாரம். மாமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

இதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம் தொடங்கியிருந்தது. கூட்டத்தில் எறும்பு நுழைய இடமில்லை. மதியம் புத்தகம் மெஷினில் ஏறிவிடும். மாமா தேரைப் பார்த்துக் கைகூப்பி, "தாயே, செத்த நேரம் வழி விடு. ஒரு ஆளைக் கொல்ல வேண்டியிருக்கு" என்று வாய்விட்டு வேண்டினார். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் மெதுவாகத் திரும்பினார். அவருக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அச்சகத்துக்குள் ஓடிப்போய், "அண்ணே, எங்கப்பாவைக் கொன்னுருங்கண்ணே" என்று அழுதேன்.

அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "காலைல பொழைக்க வைக்கச் சொன்னீக. இப்பக் கொல்லச் சொல்லுதீக. ஒரு முடிவுக்கு வாங்கம்மா." அப்புறம் கொன்றுவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்த அப்பா, படுக்கையிலேயே அந்தப் புத்தகத்தைப் படித்தார். "நல்லாத்தாம்லே கொன்னுருக்க" என்றார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமா தேம்பித் தேம்பி அழுதார். அப்பா இன்றைக்கும் குழம்பில் உப்பில்லை என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

நேற்று ஆஸ்பத்திரியில் மாமாவைப் பார்த்தேன். "எல்லாரையும் நான் கொன்னேன். என்னையக் கொல்ல ஆளில்லையே தாயி" என்று சிரித்தார். பிடித்த என் கையை விடவே இல்லை. அவரை இப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்லை. நிஜப் பெயர் இல்லாமல் ரத்தம் வராதே. நாவல் அட்டையில் இருப்பதோ புனைபெயர்; அவர் நிஜப் பெயர் அப்பாவுக்கே சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அத்தையிடம்தான் கேட்டு வாங்கி வந்தேன்.

ஆகவே வாசகர்களே, ராமசுப்பு செத்துவிட்டார். பாதி எழுதிய கதையின் மேல் தலை சாய்ந்து, கையில் பேனாவோடு, ஒரு துப்பும் வைக்காமல் செத்துப்போனார். அழுதுகொண்டேதான் எழுதியிருக்கிறேன் மாமா. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.