கிரெக்குக்கு விழுந்த விசில்

கிரெக்கின் காலில் பந்து பட்டதுதான் தாமதம், கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு விசில் கிளம்பியது. அடுத்த நொடி மைதானமே சேர்ந்து ஊதியது.

கெர்போல் ஊரில் விசில் என்றால் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ‘தொலைந்து போ’ என்று அர்த்தம்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்தச் சின்ன கிளப்புக்குத் தடுப்பாட்டம் ஆடுகிறவன் கிரெக். ஒரு காலத்தில் ஊர்க்காரர்கள் பாசத்தில் நாய்க்குக்கூட அவன் பெயரை வைத்தார்கள். இப்போது முட்டி தேய்ந்து, ஊசி போட்டுக்கொண்டுதான் இறங்குகிறான்.

கிளப் தலைவர் பெனஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

“டாக்டர் உன்னை வேண்டாங்கிறாரு. ஜனம் உன்னைக் கேட்டா இன்னொரு வருஷம் தர்றேன். இப்படியே ஊதினா நடையைக் கட்டு.”

வீட்டில் மனைவி சோலென் அவன் முட்டியில் ஐஸ் வைத்தாள்.

“விட்டுத் தொலையேன்! இன்னொரு சீசன் ஆடினா ஆயுசுக்கும் கம்பு ஊனித்தான் நடக்கணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?”

“ஊனிட்டுப் போறேன். அந்தக் கூட்டம் இன்னொரு தடவை என் பேரைக் கத்தணும். நீயும் ஒரு நாள் வந்து பாரேன்.”

“அந்தக் கூட்டத்துல உன்னைப் பாக்க எனக்குத் தெம்பில்ல” என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால், கோலுக்குப் பின்னால் கடை போடும் மார்ஸெலின் அக்காவிடம் சொல்லி, அந்தப் பக்கத்து ரசிகர்கள் அத்தனை பேருக்கும் சாசேஜ் வைத்துச் சுருட்டிய கலேத் ரொட்டி கொடுத்தான் கிரெக். தின்றார்கள். கையைத் துடைத்துக்கொண்டு ஊதினார்கள்.

“வாயை அடைக்கப் பாக்குறான்டா!”

சரி, ஒரு கோல் போட்டால் மனசு மாறுவார்கள் என்று அடுத்த வாரம் காவலை விட்டுவிட்டு முன்னால் ஓடினான். ஓடினான் என்பது மரியாதைக்குச் சொல்வது, நொண்டினான். அவன் திரும்பி வருவதற்குள் எதிரணி கோல் போட்டு, கட்டிப்பிடித்து, கொண்டாடியும் முடித்திருந்தது.

“கவலைய விடு மச்சான், நானாச்சு” என்றான் சோலெனின் தம்பி துக்துவால். யார் நானாச்சு என்றாலும் நம்பலாம், அவன் சொன்னால் மட்டும் கூடாது. கடைசி ஆட்டத்துக்கு உறவுக்காரர்களை வேன் நிறைய அள்ளிக்கொண்டு வந்தான். ஆப்பிள் மது தலைக்கேறிய கும்பல் “கிரெக்! கிரெக்!” என்று தொண்டை கிழியக் கத்தியது. எதிரணி கோல் போட்டபோதும் அதையேதான் கத்தியது.

அன்றைக்கு விழுந்த விசில் மாதிரி கெர்போல் அதுவரை கேட்டதில்லை.

“பூட்ஸைக் கழட்டிடுப்பா” என்றார் பெனஸ். குரலில் கோபம்கூட இல்லை.

ஆள் போன மைதானத்தில், மழையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான் கிரெக். கடையை மூடிக்கொண்டிருந்த மார்ஸெலின் அக்கா மனசு கேட்காமல் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இந்த ஊருக்கு நான் என்ன குறை வச்சேன் அக்கா? நீ அங்கேயே நிக்கிறவதானே. அந்த முதல் விசிலை எந்தப் பாவி ஊதுறான்?”

மார்ஸெலின் தன் குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தாள்.

“உன் பெண்டாட்டிதான் தம்பி... ஒவ்வொரு தடவையும் அழுதுக்கிட்டேதான் ஊதுவா.”