முழம் சாருக்கு இரண்டு பந்தல்

தாம்பரம் வட்டாரத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை சாவுப் பந்தல் போட்ட காண்ட்ராக்டர் யார் என்று கேட்டால் என்னைத்தான் கை காட்டுவார்கள். முதல் தடவை அந்த ஆள் பந்தலுக்குள்ளேயிருந்து நடந்து வந்தார்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை. அன்றைக்கு இரும்புலியூரில் ஒரு கல்யாணத்துக்குக் கழி தூக்கப் போய்விட்டேன். இன்று முடிச்சூர் ரோட்டில் இரண்டு குடோன், மூன்று டெம்போ, ஆயிரம் நாற்காலி, பிணம் வைக்க இரண்டு ஐஸ் பெட்டி. எந்த இடத்தையும் கண்ணால் பார்த்தே இத்தனை அடி என்று சொல்லுவேன். இஞ்சினியர் டேப் பிடித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். அப்பேர்ப்பட்ட என்னையே அளவு விஷயத்தில் திணற அடித்தவர் முழம் சார்.

அவருடைய நிஜப் பெயர் சர்ச்சில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் குடோனுக்கு அடுத்த தெருவில் வீடு, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டிராயிங் போடுகிற வேலை. மனைவி இறந்த வருஷம், ஒரே மகள் எஸ்தர் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. மந்தம் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார்கள். அன்றைக்கு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவர்தான், திரும்ப அனுப்பவில்லை. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே செய்துகொண்டு, தானே பாடம் நடத்த ஆரம்பித்தார். இதே மாதிரி பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சொல்லித்தருகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் செம்பாக்கம், பல்லாவரம் என்று நாலைந்து இருந்தன. வெள்ளிக்கிழமை எல்லாரும் இவர் வீட்டில் கூடுவார்கள்.

அங்கே யாரும் புத்தகம் திறந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் கையால் செய்வதுதான். வேதத்தில் அளவெல்லாம் முழத்தில் இருக்கிறது என்பதால் அந்த வீட்டில் கதவு, ஜன்னல், நாய் எல்லாவற்றுக்கும் முழக்கணக்கு. டேப் அடுத்தவன் கை, முழம்தான் நம்முடைய கை என்பார். ஒருநாள் மீன்காரம்மாவிடம் அரை முழம் வஞ்சிரம் கேட்டிருக்கிறார். "இன்னா சார், மீன் வேணுமா, பூ வேணுமா?" என்று அந்தம்மா கேட்டதிலிருந்து தெரு முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

வனாந்தரத்தில் வானத்திலிருந்து மன்னா விழுந்த பாடத்துக்கு, விடியற்காலையில் மொட்டை மாடியில் அவலைத் தூவி வைப்பார். பிள்ளைகள் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்க வேண்டும். பல்லாவரத்துப் பையன் ஒருவன் நாளைக்கு ஆகட்டும் என்று ஒரு டப்பாவில் ஒளித்து வைக்க, மறுநாள் அந்த வீட்டிலிருந்து எங்கள் குடோன் வரைக்கும் எறும்பு. நான் சண்டைக்குப் போனேன். பாடம் சரியாக நடந்திருக்கிறது என்று அவர் என் கையைக் குலுக்கினார்.

எரிகோ பட்டணத்து மதில் விழுந்த பாடம் இன்னும் மோசம். ஆறு நாள் தினம் ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று என்று பிள்ளைகள் தெருவைச் சுற்றி வந்து, கடைசியில் பிளாஸ்டிக் ஊதல் ஊதினார்கள். மழையில் ஊறிக் கிடந்த எதிர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் நிஜமாகவே விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். சார் மன்னிப்புக் கேட்டு, இரண்டு வாரம் பிள்ளைகளை வைத்தே அந்தச் சுவரை எழுப்பினார். தூக்குக்குண்டு பிடித்தது எஸ்தர். இன்றைக்கும் அந்தத் தெருவில் நேராக நிற்கிற சுவர் அது ஒன்றுதான்.

இத்தனை கூத்து நடத்தும்போதும் அவர் முகம் மட்டும் இழவு வீட்டில் காபி குடிக்கிறவர் முகம் மாதிரியே இருக்கும். பிள்ளைகள் சிரித்தால் அவர்களை உற்றுப் பார்ப்பார், முக்கியமாக எஸ்தரை. அவள் வாய் திறந்து சிரிக்கிறாளா என்று கணக்கெடுப்பது மாதிரி. நெஞ்சு வேறு சரியில்லை. குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை படுத்து எழுந்து வந்துவிட்டார்.

இரண்டாவது தடவை படுத்தபோதுதான் எஸ்தரின் தாய்மாமன் வந்தார். படப்பைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். நல்ல மனுஷன், ஆனால் சிரித்தாலும் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கும். அக்கா மகள் இப்படிச் சுவர் கட்டிக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை வந்து பிள்ளையைச் சோதிப்பேன், ஒன்றும் தெரியவில்லை என்றால் ஜூன் மாதம் ஹாஸ்டலில் சேர்த்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மறுநாளே சார் என் கடைக்கு வந்தார். உதடு காய்ந்திருந்தது. மாமன்காரர் வருகிற சனிக்கிழமைக்கு, பாலைவனத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் சுமந்துகொண்டு போனார்களே, அந்த ஆசரிப்புக் கூடாரத்தை எழுப்ப வேண்டுமாம். முப்பது முழ நீளம், பத்து முழ அகலம், பத்து முழ உயரம்.

"அடியில சொல்லு சார். முழம்னா யாரு முழம்?" என்றேன்.

சார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, எத்தனையோ பெரிய ஆளுங்ககிட்ட இதப் பத்திப் பேசியிருக்கேன். யாரும் இந்தக் கேள்வியக் கேக்கல."

நாலாம் வகுப்பின் அருமை அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. சார் எஸ்தருடைய முழம் என்றார். கூட வந்திருந்த அவளைக் கூப்பிட்டு முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை பிடித்தால் பதினைந்து அங்குலம். முப்பது முழம் முப்பத்தேழரை அடி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். என்னை முந்திய முதல் ஆள் அவள்தான். அனகாபுத்தூரில் வெள்ளைத் துணி எடுத்து, எந்தக் கல்யாணத்துக்கும் பொருந்தாத அந்த அளவில் வெட்டித் தைத்தேன்.

கூடாரத்துக்குள் வைக்க, பத்துக் கட்டளைக் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியும் வேண்டும். அதற்குத் தங்க நிறக் காகிதம் ஒட்டி, இரண்டு பக்கமும் கழி செருகி, என் குடோனிலேயே தச்சன் செய்தான். தவறு நடந்தது இங்கேதான். சனிக்கிழமை காலையில் எஸ்தர் வாசலில் நின்று தெருவே கேட்க, "அங்கிள், பெட்டி எப்ப வரும்?" என்று போனில் கேட்டிருக்கிறாள். பூக்காரம்மா அங்கேதான் பூ அளந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் என் ஆட்கள் போய் வெள்ளைத் துணியில் பந்தலை நிறுத்தினார்கள். பிறகு என் டெம்போ வந்தது. அதன் பக்கத்தில் 'பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி' என்று என் பெயரோடு கொட்டை எழுத்தில் இருக்கும். அதிலிருந்து, வேதத்தில் சொன்னபடியே மேலே துணி மூடிய ஒரு பெட்டியை, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். சார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு தெரு வேறு என்ன நினைக்கும்?

நான் போய்ச் சேர்ந்தபோது இருபது பேர் நின்றிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் வேட்டியை இறக்கிவிட்டு, கையில் மாலையோடு. பூக்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "நேத்துகூட பேசிக்கினு இருந்தாரே, அந்தக் கொயந்த இன்னா பண்ணும்" என்றாள். தொழிலில் ஊறிப்போன நானே அரை நிமிஷம் நம்பிவிட்டேன். சொல்ல வெட்கம்தான். எந்த ஐஸ் பெட்டி காலியாக இருக்கிறது என்றுகூட யோசித்துவிட்டேன்.

சரியாக அந்த நேரத்தில் மாமன்காரர் பைக்கில் வந்து இறங்கினார். பந்தலைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான்… நான் சும்மா பயமுறுத்தத்தான் சொன்னேன் மச்சான்."

உள்ளே மணிச் சத்தம் கேட்டது. திரை விலகியது. சார் பிரதான ஆசாரியர் வேஷத்தில் வந்து நின்றார். மார்பில் ரத்தினக் கற்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு கலர் பட்டன். அங்கியின் கீழ் ஓரம் முழுக்க மணி. தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய நாய்க் கழுத்து மணிகள். பூக்காரம்மா முருகனைக் கூப்பிட்டாள். மாமன் ஹெல்மெட்டோடு கேட்டடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் கொடுத்து, விஷயத்தைச் சொல்லி, மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் பெட்டிக்கே போட்டார்கள். எஸ்தர்தான் மாமன் பக்கத்தில் உட்கார்ந்து மணியைப் பற்றிச் சொன்னாள். ஆசாரியர் பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளே போனால் வெளியில் நிற்பவர்களால் பார்க்க முடியாது. மணி ஆட வேண்டும்.

"சத்தம் கேட்டா அவர் சாகலன்னு அர்த்தம் மாமா. அப்பா உயிரோடதான் இருக்காங்க."

மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் ஆனார். வந்த வேலையை விடவில்லை. முப்பது முழம் என்றால் எத்தனை அடி என்று கேட்டார்.

"யாரு முழம் மாமா?"

அந்தக் கேள்வி என்னுடையது. இதை நான் அங்கேயே எல்லாரிடமும் சொன்னேன். மாமன் தன் கையை நீட்டினார். அவள் அளந்தாள்; பத்தொன்பது அங்குலம். கண்ணை மூடித் திறந்து நாற்பத்தேழரை அடி என்றாள். மாமன் செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, அவள் இங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் முழம் சார் சிரித்து நான் பார்த்தேன். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை மாதிரி இருந்தது.

அப்படி இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. போன ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகளுக்கு மாவு பிசையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சுவரில் சாய்ந்திருக்கிறார். இந்தத் தடவை ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லை.

மேஸ்திரி எந்தத் துணி என்று கேட்டான். அந்த வெள்ளையை எடு என்றேன். நானே ஏணியில் ஏறிக் கட்டினேன். வயசாச்சு இறங்கு என்று மேஸ்திரி திட்டினான். எஸ்தர் பந்தலுக்கு வெளியே நின்று, துணி ஓரத்தில் கையை வைத்து வைத்து நடந்துகொண்டிருந்தாள். அழுகிற பிள்ளையைப் பார்க்கலாம், அளக்கிற பிள்ளையைப் பார்க்க முடியாது. கடைசி வரை போய்விட்டு என்னிடம் வந்தாள்.

"இப்ப முப்பது வரல அங்கிள். இருவத்தஞ்சுதான் வருது. கை வளந்துடுச்சு."

வாய் பேசியே மூன்று டெம்போ வாங்கியவன் நான். ஏணியைத் தூக்கிக்கொண்டு டெம்போ பக்கம் போய்விட்டேன்.

பெட்டி வந்தது. எதிர் வீட்டுக்காரர் மாலையோடு நின்றார். பூக்காரம்மாவும் நின்றாள். படப்பையிலிருந்து மாமன் வந்து, அதே கேட்டைப் பிடித்துக்கொண்டு "மச்சான்" என்றார். யாரும் சொல்லாமலே எல்லாரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எஸ்தர் மாமனோடு படப்பைக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பேசுகிறாளாம். அந்தத் துணியை நான் வெட்டவும் இல்லை, வேறு எந்த வீட்டுக்கும் அனுப்பவும் இல்லை. இப்போதும் தெருவில் ஏதாவது நாய் கழுத்தில் மணி கட்டிக்கொண்டு போனால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.