வெளியே சாதா, உள்ளே வெள்ளை

"நல்லாப் பாத்தியா? எங்கயாவது மூலையில சுருண்டு கிடக்கப்போவுது" என்றாள் நோரீன்.

"நாலடிக் கண்ணாடிப் பெட்டி. ஏழடிப் பாம்பு. இதுல நல்லாப் பாக்க என்ன இருக்கு?" என்றான் கெல்வின். குரல் அழுகிற பதத்தில் இருந்தது.

பெட்டிக் கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர்க் கிண்ணம் இருந்தது, மரக்கட்டை இருந்தது, டியூக் மட்டும் இல்லை. மணி பத்தரை. டியூக்கை வீட்டுக்கு அழைத்துப் போக மூன்று மணிக்குப் பாரி வருகிறார்.

பாரி எங்கள் இப்ஸ்விச் பக்கத்துப் பாம்பு வளர்ப்போருக்கெல்லாம் தலைவர். அவர் கொட்டகைக்குள் நுழைந்தால் ஜவுளிக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். எலுமிச்சை மஞ்சள், வரிக்குதிரைக் கோடு, முதுகில் ஒற்றைக் கோடு மட்டும் ஓடுவது, ஒரு புள்ளிகூட இல்லாமல் மழமழவென்று இருப்பது என்று மலைப்பாம்பில் அத்தனை ரகம். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை. பால் வெள்ளை உடம்பில் மஞ்சள் பூப்போட்டு, கண் மட்டும் சிவப்பாக இருக்கும்.

டியூக் இதில் எந்த ரகமும் கிடையாது. ஊரில் எந்தத் தகரக் கூரையைத் தட்டினாலும் எட்டிப் பார்க்கும் பழுப்புப் பாம்புதான். ஆனால் அவன் ரத்தத்தில் வெள்ளை ஒளிந்திருக்கிறதாம். அதே ரத்தமுள்ள பெண்ணோடு சேர்த்தால் நாலில் ஒரு குஞ்சு வெள்ளையாகப் பொரிக்கும். சங்கத்தில் இதற்குப் பெயர் மறைவெள்ளை. வெளியே சாதா, உள்ளே வெள்ளை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வளர்த்தவர் வாய்ச்சொல்தான் சான்று.

கெல்வின் நகராட்சியில் புல் வெட்டுகிறவன். பதினோரு வருடமாகச் சங்கக் கூட்டங்களில் டீ போட்டு, நாற்காலி மடக்கி, மற்றவர்களின் வெள்ளைக் குஞ்சுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவன். அவனிடம் மேபல் என்ற மறைவெள்ளைப் பெண் உண்டு. செத்துப்போவதற்குள் ஒரு வெள்ளைக் குஞ்சைக் கையில் ஏந்திவிட வேண்டும் என்பது அவன் ஏக்கம். அதைப் பார்த்து மனமிரங்கித்தான் ரெண்டு மாதம் முன்பு பாரி டியூக்கை ஒரு பருவத்துக்கு இரவல் கொடுத்தார். முட்டையில் ஆளுக்குப் பாதி என்பது வழக்கம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிக்கு அடுத்தபடி இந்தப் பாரிதான் என்று ஊரே பேசிக்கொள்ள வேண்டியது, இங்கே அந்தக் கதை தெரிந்தவர்கள் குறைவு.

மேபல் வயிறும் பெருத்துவிட்டது. இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையைக் காணோம்.

"கூரையில ஏறிப் பாரேன். மே மாசம் அங்க ஒண்ணு குடியிருந்துச்சே" என்றாள் நோரீன்.

"அதைத்தான் பாரியே வந்து சாக்குல போட்டு எடுத்துட்டுப் போயிட்டாரே. நீதான ராத்திரி தலைக்கு மேல உருளுதுன்னு அவரைக் கூப்பிட்ட?"

"ஒண்ணு போனா இன்னொண்ணு வரும். வாடகையா கேக்குறோம்?"

கெல்வின் ஏணி போட்டு, கையில் விளக்கோடு கூரைக்குள் தலையை விட்டான். உத்தரத்தின் மேல் ஒரு பழுப்புப் பாம்பு ஒய்யாரமாகப் படுத்திருந்தது. கட்டிப்பிடித்து இறக்கினான்.

"இவன்தானா?"

"இவனாத்தான் இருக்கணும். இரு, படத்தோட ஒத்துப் பாக்குறேன்."

டியூக்கோடு அவன் எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்று. அதில் கெல்வினின் முகம் முழுதாகவும் டியூக்கின் வால் அரைகுறையாகவும் இருந்தன. அவன் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாம்பு அவன் கட்டைவிரலைக் கவ்வியது. டியூக் பரமசாது. இத்தனை நாளில் ஒருவரையும் கடித்ததில்லை.

"அப்ப இவன் இல்ல" என்று நோரீன் பஞ்சு தேடப் போனாள்.

கடித்ததைப் பெட்டியில் அடைத்துவிட்டு மறுபடி ஏறினான். இந்த முறை கூரையின் கோடியில் இன்னொன்று. தொட்டான், தூக்கினான், தோளில் போட்டான். கோயில் மாடு மாதிரி சும்மா இருந்தது. கெல்வினுக்கு உயிர் வந்தது. கீழே இறங்கி வெளிச்சத்தில் பார்த்ததும் வந்த உயிர் போய்விட்டது. பாம்பின் நடு வயிற்றில் தேங்காய் அளவுக்குப் புடைப்பு.

"டியூக் ரெண்டு மாசமா ஒண்ணும் திங்கல. ஆண் பாம்பு பருவத்துல பட்டினி கிடக்கும். பாரிக்கு அது தெரியாதா?"

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஐரிஸின் குரல் வந்தது. "நோரீன், எங்க பிரிஸில்லாவைப் பாத்தியா? காலையில இருந்து ஆளையே காணோம்."

பிரிஸில்லா என்பது ஐரிஸ் செல்லமாக வளர்க்கும் வெள்ளைக் கோழி.

"இல்லையே ஐரிஸ், இங்க வரலையே" என்று பதில் சொன்னபடி கணவனின் சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளை இறகை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள் நோரீன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உங்க சங்கத்துல சொல்றது சரிதான் கெல்வின். வெளியே சாதா, உள்ளே வெள்ளை."

அவனால் சிரிக்க முடியவில்லை. கோழி தின்ற பாம்பை அழுக்குத் துணிக்கூடைக்குள் திணித்து மூடியைப் போட்டான். மூன்றாவது முறை ஏறலாம் என்று ஏணியில் கால் வைத்தபோது வாசலில் கார் நின்றது. பாரியும் அவர் மனைவி கோரலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

வேறு வழியில்லை. கெல்வின் பெட்டியைக் காட்டினான். பாம்பின் கால் பாம்பறியும். பாரியின் பாம்பைப் பாரி அறியமாட்டாரா?

பாரி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"இவனேதான். ஆயிரம் பாம்புக்கு நடுவுல விட்டாலும் என் டியூக்கை நான் கண்டுபிடிச்சிருவேன்" என்று கையை உள்ளே விட்டார். அது மணிக்கட்டில் கவ்வியது.

"கல்யாணம் ஆனா யாரா இருந்தாலும் குணம் மாறத்தான் செய்யும்" என்றார் பாரி, வலியை விழுங்கிக்கொண்டு.

நோரீன் கணவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். தப்பித்தாயிற்று. ஆனால் கெல்வினுக்கு மனசு கேட்கவில்லை. நம்பிக் கொடுத்த மனுஷன், இந்தக் காட்டுப்பயலை வைத்துக்கொண்டு வெள்ளைக் குஞ்சுக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பாரே.

அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே துணிக்கூடையின் மூடி எழும்பியது. நோரீனின் உள்பாவாடை ஒன்றைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, தேங்காய் வயிறு மெல்ல வெளியே வந்தது.

"இது யாரு?" என்றார் பாரி.

கெல்வினுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "பாரி, நான் டியூக்கைத் தொலைச்சுட்டேன். அதுவும் கூரையில புடிச்சது, இதுவும் கூரையில புடிச்சது. என்னைச் சங்கத்துல இருந்து தள்ளி வெச்சிருங்க." கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பாரி கோபப்படவில்லை. காது வரை சிவந்துபோய், கடிபட்ட கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கோரல் கேட்டார். பிறகு அவரே சொன்னார்.

"டியூக் பிப்ரவரிக் கோடை வெயில்லயே செத்துப்போயிட்டான் கெல்வின். தர்றேன்னு உனக்கு முன்னயே சொல்லிட்டாரு, இல்லேன்னு சொல்ல இவருக்கு வாய் வரல."

"அப்ப எனக்குக் குடுத்தது?"

கோரல் குனிந்து, உள்பாவாடையை விலக்கி, அந்தச் சாதுவின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"மே மாசம் உங்க கூரையில இருந்து சாக்குல தூக்கிட்டு வந்தாரே, அவனைத்தான். நீ ஒண்ணையும் தொலைக்கல கண்ணு, அவன் தன் வீட்டுக்குத்தான் திரும்பிப் போயிருக்கான்."