மனைவியின் முழங்காலை வளர்த்த கதை

எதையும் தேதி போட்டு எழுதி வைப்பவன் பெரிய தவறு செய்யமாட்டான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். என் பெரிய தவறு, முப்பத்தொன்பது நாளுக்குத் தேதி போட்டே இருக்கிறது.

என் மனைவி பேச்சியம்மாளுக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குச் சிறிய ஏலத்தோட்டம். ஏலக்காய், செடியின் அடியில்தான் காய்க்கும்; குத்தவைத்துத்தான் பறிக்க வேண்டும். மூட்டு மாற்று அறுவையை உடனே செய்தால் அடுத்த காயெடுப்புக்குள் மலையேறிவிடலாம் என்றார் தேனியில் எலும்பு மருத்துவர். பேச்சிக்கு அது போதும்.

நான்தான் சும்மா இராமல், "இருக்கிற மூட்டு இனிமே வளரவே வளராதா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

பொறுமைசாலி அவர். குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது, அதனால் தேய்ந்தால் ஆறுவது அரிது. ஆனாலும் புதுச் செல்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்கள் சில அதற்குள் உண்டு, தேய்ந்த மூட்டிலும் உண்டு என்றார். "ஆனால்" என்று அவர் தொடர்ந்தது என் காதில் ஏறவில்லை. (ஏறியிருந்தால் இந்தக் கட்டுரை ஏது?)

ஏலத்தோட்டக்காரனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? காய்ந்த ஏலத்தூரில்கூட ஒரு முளை உயிரோடிருந்தால் போதும். நிழல் கொடுத்து, ஈரம் காத்து, யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டால் பக்கக்கன்று வந்துவிடும். அறுவைத் தேதியைத் தள்ளிவைத்தேன். பேச்சியைக் கட்டிலில் கிடத்தினேன். நிழலுக்குச் சன்னலை மூடினேன். ஈரத்துக்கு நனைத்த துண்டு. தினமும் காலை ஆறரைக்கு முழங்காலைத் தையல் டேப்பால் அளந்து எழுதினேன்.

"ஏங்க, நான் என்ன நாத்தா? எந்திரிக்க விடுங்க, சோலி கெடக்கு."

"வேர் அசையக்கூடாது பேச்சி."

"ஒங்க மண்டைக்குள்ளதான் என்னமோ அசையுது."

முப்பத்தொன்பதாம் நாள் முழங்கால் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. வரைபடம் போட்டு, சிவப்பு மையில் அம்புக்குறியிட்டு, பேச்சியோடு தேனிக்குப் போனேன். (முழுக்கைச் சட்டை வேறு.)

மருத்துவர் முழங்காலை அழுத்திப் பார்த்தார். "இது நீர் கோத்த வீக்கம் சார்."

பிறகு என் டேப்பையே வாங்கித் தொடையை அளந்தார். வலது காலை அசைக்காமலே கிடந்ததில் அந்தத் தொடை இடதைவிட மூன்று சென்டிமீட்டர் இளைத்திருந்தது. அந்த அளவை நான் எடுக்கவே இல்லை. தொடைக்கு வலு வந்த பிறகுதான் அறுவை என்றார். அந்தக் காயெடுப்பு கைநழுவிப் போயிற்று. பேச்சி டேப்பைச் சுருட்டி என் சட்டைப்பையில் போட்டாள். திட்டியிருக்கலாம்.

அறுவை முடிந்த அன்று, வெட்டியெடுத்த எலும்பை மருத்துவர் ஒரு கிண்ணத்தில் காட்டினார். நடுவே தந்தம்போல வழவழப்பு. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளைக் குருத்தெலும்பு. அன்று தவறவிட்ட 'ஆனால்' என்ன என்று கேட்டேன். நோயுற்ற மூட்டில் அந்தச் செல்கள் நல்ல மூட்டைவிடக் கூடுதலாகக்கூட இருக்குமாம். சிதைந்த இடத்தை நோக்கி நகர்ந்து வருமாம். ஆனால் மூட்டின் அழற்சிக்கு நடுவே பழையபடி குருத்தெலும்பை அவற்றால் உண்டாக்க முடிவதில்லை. பல, மூப்படைந்து ஓய்ந்துவிடுகின்றன.

அவள் குத்தவைத்துக் காய் பறித்த அத்தனை வருடமும், ஒன்றும் கைகூடாமலே, உள்ளே அந்தச் செல்கள் சீர்செய்ய வந்துகொண்டே இருந்திருக்கின்றன. கிண்ணத்தின் முன்னால் எனக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றியது.

இப்போது பேச்சி ஜீப்பில் மலையேறி, முக்காலியில் உட்கார்ந்து காயெடுக்கும் ஆட்களை மேய்க்கிறாள். ஜீப்பில் யாராவது நெருக்கினால் போதும்.

"தள்ளி உக்காருப்பா. வலது காலு நட்டது, ஒண்ணும் ஆகாது. இடது இன்னும் முளைச்சுக்கிட்டிருக்கு. நம்பலைன்னா எங்க வீட்டுக்காரரக் கேளு, பின்னாலதான் இருக்காரு."

ஜீப்பே சிரிக்கும். அவள் சொல்வது முழுப் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். இடது மூட்டுக்குள்ளும் அந்தச் செல்கள் வந்துகொண்டுதானே இருக்கும்.