தட்டோசை ஆணை

கடலுக்குப் புறப்படும்போது என் கணவர் திரவியம் கடைசியாகச் சொன்னது குழம்பைப் பற்றி. “நாளக்கி புளியக் கொறச்சுப் போடு. பல்லு கூசுது” என்றார். பல்லைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே படகைத் தள்ளினார்.

நாங்கள் நுரைநாட்டின் குடிகள். உலகிலேயே வேகமான டார்பிடோ குண்டு எங்கள் அரசரிடம் இருந்தது. நீருக்கடியில் ஓடும்போது ஒரு வாயுக் குமிழி அதை முழுவதுமாக மூடிக்கொள்ளும். தண்ணீர் அதைத் தொடுவதேயில்லை. அந்த வேகத்தில் தன் இரைச்சலைத் தவிர வேறெதுவும் அதற்குக் கேட்காது. வளைந்து செல்லவும் வராது. அரசர் அதைத் தம் பிள்ளை என்றே அழைத்தார்.

குண்டால் விலக முடியாததால் மற்றவர்கள் விலக வேண்டும் என்பது முதல் ஆணை. கரையோரக் கடல் அதன் பாதையானது. அதைத் தாண்டி, ஆழ்கடலில் மட்டுமே நாங்கள் வலை வீசலாம். சிறு படகுகள் இரவெல்லாம் அங்கே அலைக்கழிந்தன.

என் கணவர் கடலுக்குப் போன பிறகு இரண்டாம் ஆணை வந்தது. குண்டின் இரைச்சல் பகைநாட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது. ஆகவே மறுநாள் காலைச் சோதனையின்போது கரையில் எல்லாரும் பித்தளைத் தட்டை அடிக்க வேண்டும்.

எங்கள் கரையில் தட்டடித்தால் புயல் வருகிறது என்று அர்த்தம். கேட்டவர்கள் வலையை அறுத்துவிட்டு நேராகக் கரைக்கு வருவார்கள். கடல் அதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அம்மா, அந்தப் பழைய அர்த்தம் நேத்தோட ரத்து. அரசிதழ்ல போட்டாச்சு.”

“கடல்ல கெடக்கறவங்க அத எங்கய்யா படிப்பாங்க?”

“கரைக்கு வந்ததும் படிக்கட்டும்.”

காலையில் கரை முழுவதும் தட்டுகள் அதிர்ந்தன. நான் அடிக்கவில்லை. அதிகாரியே என் தட்டை வாங்கி அடித்தார், தாளம் தவறாமல். தொடுவானில் படகுகள் தெரிந்தன. முன்னால் வந்தது எங்களுடையது. கடலின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. பிறகு முன்னால் எந்தப் படகும் இல்லை.

விசாரணைக் குழு மூன்று மாதம் ஆராய்ந்தது. குண்டு தன் பாதையிலிருந்து இம்மியும் விலகவில்லை என்று பாராட்டியது. படகுகள்தாம் அனுமதியின்றி வீடு திரும்பியிருந்தன. அடுத்த தேர்தலில் அரசரின் சின்னம் தட்டு. பெருவெற்றி.

ஆண்டுதோறும் வெற்றி நாளில் தட்டடிப்பது இப்போது சட்டம். அன்று குண்டு ஏவுவதில்லை என்கிறார்கள். விழாவா புயலா என்று கடலிலிருந்து பார்த்தால் தெரியாது. தட்டோசை கேட்டதும் படகுகள் இன்றும் வலையை அறுத்துவிட்டுக் கரைக்குத் திரும்புகின்றன.