பக்கத்து வீட்டுக்கு ஒரு கீறல்

"நிறுத்துடா! டேய், நிறுத்துடா!"

மேஸ்திரி கத்திக்கொண்டு ஓடிவந்த வேகத்தில் அவருடைய ஒரு செருப்பு தெருமுனையிலேயே தங்கிவிட்டது. பொக்லைன் நிற்கவில்லை. அதன் இரும்புக் கை இன்னொரு முறை உயர்ந்து இறங்கியது. ஒட்டிப் பிறந்த மாதிரி நின்ற இரண்டு வீடுகளில் இடது பக்க வீடு முன்சுவரை இழந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. புழுதி அடங்கியதும் மேஸ்திரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

சோபா. டிவி. ஃப்ரிட்ஜ். கொடியில் ஒரு துண்டு. சுவரில் கண்ணாடி உடைந்த கடிகாரம்.

பொக்லைன் ஓட்டுபவன் குதித்து இறங்கினான். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, வேலையிடத்தில் அவன் பெயர் 'அவசரம்'.

"என்னண்ணே, நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

"ஆள் குடியிருக்கிற வீட்டை இடிச்சு வெச்சிருக்கே! பக்கத்துல பாரு, ஒரு துரும்பு இல்லாம காலியா கிடக்கு. அதுதான்டா நம்ம வீடு!"

"எஞ்சினியர் சார் இடது பக்கம்னுதானே சொன்னாரு?"

"எங்க நின்னுகிட்டுச் சொன்னாரு?"

"வாசப்படியில."

"தெருவைப் பார்த்து நின்னாரா, வீட்டைப் பார்த்து நின்னாரா?"

அவசரம் தலையைச் சொறிந்தான். "என்னைப் பார்த்துண்ணே."

"நீ எங்கே நின்னே?"

"தெருவுல."

"அப்போ அவர் தெருவைப் பார்த்து நின்னிருக்காரு. அவருக்கு இடதுன்னா நமக்கு வலதுடா, மடையா!"

இவ்வளவு சுத்தமான கணக்கை யாரால் மறுக்க முடியும்? அவசரம் போய் வண்டியை அணைத்தான்.

எஞ்சினியருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் போன மாதம்தான் மேஸ்திரி ஒரு வீட்டோடு சேர்த்துப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் தரைமட்டமாக்கியிருந்தார். "இன்னொரு தரம் இப்படி ஆச்சு, நீங்க வேற ஆளைப் பார்த்துக்கலாம்" என்று எஞ்சினியர் அன்றே சொல்லிவிட்டார். அந்தப் பகுதியில் பழைய வீடுகள் எல்லாம் அடுக்குமாடியாகிக்கொண்டிருந்தன. அத்தனை இடிப்பு வேலையும் அவர் கையில்தான் இருந்தது. அவர் கைகழுவினால் மேஸ்திரி வீட்டில் அடுப்பு எரியாது.

நினைத்த நேரத்தில் போன் அடித்தது. அவரேதான்.

"என்ன மேஸ்திரி, ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிச்சாச்சு சார்." அதில் பொய் ஒன்றும் இல்லை.

"பக்கத்து வீட்டுல ஒரு கீறல் விழக் கூடாது, சொல்லிட்டேன். வீட்டுக்காரர் வக்கீல். சும்மா போறவனையே கோர்ட்டுக்கு இழுக்கிற மனுஷன். இன்னைக்குச் சாயங்காலம் வர்றாராம்."

மேஸ்திரி பிளந்து கிடந்த வீட்டைப் பார்த்தார்.

"கீறலே இல்லை சார்" என்றார். சுவர் இருந்தால்தானே கீறல் விழுவதற்கு!

போனை வைத்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டார். கொத்தனார் நல்ல வேலைக்காரர். ஆனால் இன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நாளைக்குப் பதில் சொல்கிற ரகம். வந்தார், பார்த்தார், ஒற்றைச் செருப்போடு நின்ற மேஸ்திரியையும் பார்த்தார்.

"இடிக்கிற வேலைன்னு சொன்னீங்க?"

"இப்போ கட்டுற வேலை. சாயங்காலத்துக்குள்ள சுவர் நிக்கணும்."

விழுந்த செங்கல்லில் பாதி பொடியாகிவிட்டிருந்தது. அதனாலென்ன, பக்கத்து வீட்டு மதில் இருக்கிறதே! எப்படியும் இடிக்கப்போகிற வீடு. அவசரம் போய் மதிலைப் பெயர்த்துக் கொண்டுவந்தான். சுவர் எழும்பியது. அப்போதுதான் வாசல் நிலை விரிசல் விட்டிருப்பது தெரிந்தது.

"பக்கத்து வீட்டு நிலையையும் கதவையும் கழட்டு!"

கழற்றிக் கொண்டுவந்த கதவைக் கொத்தனார் தடவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"வார்னிஷ் வாசனைகூடப் போகலை. இடிக்கிற வீட்டுக்கு இப்படியா..."

"உமக்கு வேலை பார்க்கத் தெரியுமா, மோப்பம் பிடிக்கத் தெரியுமா?"

கதவு பொருந்தியது. பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்புக்குப் பக்கத்தில் பழைய ஜன்னல்கள் தரித்திரமாகத் தெரிந்தன. வக்கீல் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? பக்கத்து வீட்டு ஜன்னல்களும் வந்து சேர்ந்தன. பிறகு புதுப் பூச்சு மட்டும் திட்டாகத் தெரிந்தது. ஈரப் பூச்சின் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? முன்பக்கம் முழுவதும் அடித்தார்கள். முன்பக்கம் ஜொலித்ததும் மற்ற இரண்டு பக்கமும் அழுது வடிந்தன. அவற்றுக்கும் அடித்தார்கள்.

மத்தியானம் மேஸ்திரி மனைவிக்குப் போன் போட்டார்.

"நம்ம வீட்டுக் கடிகாரத்தைக் கழட்டிக்கிட்டு உடனே வா. ஜன்னல் திரையையும் எடுத்துக்க."

"குடி போதையில பேசுறீங்களா?"

"பயத்துல பேசறேன். வா."

அவள் ஆட்டோவில் வந்து இறங்கி, நடந்ததைக் கேட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத் தொடங்கினாள். சோபாவைத் தட்டினாள், துண்டை மடித்தாள், தன் வீட்டுத் திரையை மாட்டினாள்.

"என்னங்க, இங்க கரண்ட்டே இல்லையே?"

"அவசரம் ஒயரை அறுத்திருப்பான்."

"ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு தண்ணி பாட்டில்கூட இல்லை."

"வெளியூர் போறவங்க எல்லாத்தையும் காலி பண்ணிட்டுத்தான் போவாங்க. நீ கடிகாரத்தை மாட்டு."

அவள் மாட்டினாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். "பாவம்ங்க. யாரோ ஆசை ஆசையா வாழுற வீடு. நல்லவேளை, நீங்க ஓடி வந்தீங்க" என்றாள்.

மேஸ்திரி கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எத்தனையோ வீடுகளை மண்ணோடு மண்ணாக்கியவர். ஒன்றையாவது இப்படி உள்ளே நின்று பார்த்ததில்லை. வேலை போய்விடுமே என்ற பயத்துக்கு நடுவிலும் அவருக்கு அந்த வீட்டின் மேல் பாசமே வந்துவிட்டது.

போன் மறுபடியும் அடித்தது.

"மேஸ்திரி, எவ்வளவு தூரம் இடிச்சிருக்கீங்க?"

மேஸ்திரி கையிலிருந்த பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தார். "பாதிக்கு மேல சார்..."

"பாதியா? சாயங்காலம் நான் வந்து பார்க்கும்போது இடம் மைதானமா இருக்கணும்."

மேஸ்திரி வெளியே பாய்ந்தார். "அவசரம்! ஏறுடா வண்டியில!"

அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். நம் அவசரத்துக்கு அன்று எல்லாமே நுழைந்தது. கதவும் ஜன்னலும் மதிலும் ஏற்கெனவே போயிருந்ததால் வலது பக்க வீடு அதிகம் முரண்டு பிடிக்கவில்லை. கூரை இறங்கியது, சுவர்கள் மடங்கின. நடுச்சுவரை மட்டும் கொத்தனார் உளியால் பிரித்துக் கொடுத்தார். இடது பக்க வீட்டின் மேல் தூசி படியாமல் மேஸ்திரியும் மனைவியும் ஆளுக்கொரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இந்த முறை நிறுத்தச் சொல்லி யாரும் ஓடிவரவில்லை.

வெயில் சாயும்போது வலது பக்கம் மைதானமாகியிருந்தது. இடது பக்கம் புதுப் பெண் மாதிரி நின்றது. மேஸ்திரி ஒரு டீயை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார். பிழைத்துவிட்டோம் என்று தோன்றியது.

ஒரு லாரி வந்து நின்றது. கட்டில், பீரோ, கட்டுக் கட்டாகச் சட்டப் புத்தகங்கள். டிரைவர் தலையை நீட்டினார்.

"வக்கீல் சார் வீட்டுச் சாமான். அவரும் எஞ்சினியரும் பின்னாடி கார்ல வந்துக்கிட்டிருக்காங்க."

உள்ளேதான் எல்லாச் சாமானும் இருக்கிறதே, இன்னும் எதற்கு என்று மேஸ்திரிக்கு ஒரு கணம் உறுத்தியது. பெரிய மனிதர்களுக்கு எவ்வளவு இருந்தாலும் போதாது என்று சமாதானம் செய்துகொண்டு, முகமெல்லாம் பல்லாக முன்னால் போனார்.

"வாங்க, வாங்க. கதவு திறந்துதான் இருக்கு. ஒரு கீறல் இல்லாம பார்த்துக்கிட்டோம். பெயிண்ட் மட்டும் ஈரம், உரசாம இறக்குங்க."

டிரைவர் இறங்கவில்லை. பளபளத்த வீட்டைப் பார்த்தார். பக்கத்து மைதானத்தைப் பார்த்தார். மறுபடியும் வீட்டைப் பார்த்தார்.

"இறக்குறது இருக்கட்டும்ணே. இங்க குடியிருந்தவங்க பழைய சாமானெல்லாம் வேண்டாம்னு அப்படியே போட்டுட்டுப் போன, இடிக்கிற வீடாச்சே இது, இதுக்கு எதுக்குப் பெயிண்ட் அடிச்சீங்க? வக்கீல் சார் புதுசா வாங்கின வீடு எங்கேண்ணே?"